இது லிஃப்ட் இல்லீங்க

"இது லிஃப்ட் இல்லீங்க சார், ஹாய்ஸ்ட்டுங்க," என்று மேனேஜர் ரத்தினசாமி மூன்றாவது முறையாகச் சொன்னார்.

கரண்ட் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. பனியன் கம்பெனியின் அந்தத் தகரப் பெட்டி முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தொங்கியது. கீழே நின்ற ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் பழனிமுத்து கம்பிக் கதவு வழியாக அண்ணாந்து பார்த்தார். பெட்டியின் அடித்தகடு மட்டும்தான் தெரிந்தது.

பழனிமுத்து கை நீட்டாத மனிதர். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால்கூடக் குடிக்க மாட்டார். ரிஜிஸ்டரில் பேர் இல்லாத ஒரே ஒரு ஆள் வேலையில் இருந்தாலும் கேஸ் எழுதிவிடுவார். இங்கே அந்தக் கவலை இல்லை. ரிஜிஸ்டரில் முப்பத்திரண்டு பேர், மாடியில் எண்ணியதும் முப்பத்திரண்டு பேர்.

இப்போது பிடித்துக்கொண்டது இந்தப் பெட்டியை. லிஃப்ட் என்று எழுதினால் லைசென்ஸ் கேட்பார். லைசென்ஸுக்கு ரத்தினசாமி எங்கே போவார்? கம்பெனிக்குச் சீல் வைத்தால் சனிக்கிழமை ஷிப்மெண்ட் அம்போதான், அதோடு அவர் வேலையும் போய்விடும்.

"வித்தியாசம் தெரிஞ்சுதான் பேசறீங்களா? மோட்டாருக்கும் இஞ்சினுக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்க."

"கரண்ட்டுல ஓடுனா மோட்டாருங்க. டீசல் ஊத்தி ஓட்டுனா இஞ்சினுங்க."

"பம்ப்பு, கம்ப்ரஸர்?"

"தண்ணியத் தள்ளுனா பம்ப்புங்க. காத்த அமுக்கி வெச்சா கம்ப்ரஸருங்க."

எல்லாம் மெக்கானிக் உமர் காலையில் சொல்லிக்கொடுத்த பாடம். இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. இந்த மாதிரி கேள்வி கேட்பதென்றால் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல்.

"அப்ப லிஃப்ட், ஹாய்ஸ்ட்?"

"ஆளு ஏறுனா லிஃப்ட்டுங்க. சரக்கு மட்டும் ஏறுனா ஹாய்ஸ்ட்டுங்க."

"இதுல ஆள் யாரும் ஏறறதில்லையே?"

"சத்தியமா இல்லீங்க. வெறும் துணி பண்டலுங்க."

"நல்லது. கரண்ட் வரட்டும், இறக்கிக் காட்டுங்க. பார்த்துட்டு எழுதிடறேன்." இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சித்திரை வெயிலில் தகரக் கூரை கொதித்தது. கரண்ட் வந்துவிடக் கூடாதே என்று ரத்தினசாமி மாகாளியம்மனை வேண்டினார். பெட்டியை நிமிர்ந்து பார்த்ததும், சீக்கிரம் வந்துவிட வேண்டுமே என்றும் வேண்டினார். பாவம், அம்மன்தான் எதைச் செய்வாள்?

அரைமணி நேரம் போனது. ரத்தினசாமியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"கரண்ட் வர சாயங்காலம் ஆகுமுங்க சார். நீங்க எதுக்கு இந்த வேக்காட்டுல உக்காந்துட்டு? நான்தான் சொல்றனுங்களே."

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இவ்வளவு தெளிவா வித்தியாசம் சொல்ற ஆள் பொய் சொல்ல மாட்டீங்க," என்று பேனாவைத் திறந்தார். 18-4-1996 என்று தேதி போட்டு, 'ஹாய்ஸ்ட். சரக்கு மட்டும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். ரத்தினசாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வாசலில் இன்ஸ்பெக்டர் தன் ஷூவைத் தேடினார். துணியில் அழுக்குப் படக் கூடாதென்று எல்லோரும் அங்கேதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள். முப்பத்திரண்டு சோடிக்கு அது கொஞ்சம் பெரிய குவியல்தான்.

"நானே எடுத்துத் தர்றனுங்க," என்று ரத்தினசாமி அவசரமாகக் குனிந்தார்.

அப்போது மேலே, பெட்டிக்குள்ளிருந்து தகரத்தைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் குரல் கேட்டது.

"ஏனுங்க மேனேஜரு, சரக்கு பன்னெண்டுக்கும் மூச்சு முட்டுதுங்க."