ஒரு பிழையாவது

“அண்ணே, உங்க புரோகிராம்ல பிழையே இல்லலா. மூணு நாளா என்னத்தத் தேடறீங்க?” அலுவலகத்திலிருந்து போனில் கேட்டாள் தனேஸ்வரி.

“இருக்கும்மா. இருந்தே ஆகணும்!” சபாக் ஊரிலிருந்த தன் வீட்டிலிருந்து கத்தினான் ஜாரெட்.

மருத்துவ லேப் ஒன்றின் ரத்தப் பரிசோதனை முடிவுகளை கணினிக்கு வரிசையாக அனுப்பும் புரோகிராம் அது.

மத்தியானம் அவனே போன் செய்தான்.

“கெடைச்சிருச்சு! புது ரிப்போர்ட்ட எழுதி முடிக்கறதுக்குள்ள ‘ரெடி’னு சிக்னல் போயிடுது. அந்த இடத்துல கெடக்கற முந்தின ஆளோட ரிப்போர்ட்டு போயிடுது!”

“ஐயோ! எத்தன பேருக்கு மாறிச்சோ?”

“ஒருத்தருக்காவது மாறியிருக்கும்ல?” அவன் குரல் கெஞ்சியது.

தனேஸ்வரி சரிபார்த்துவிட்டுச் சிரித்தாள். “தப்பிச்சோம்ணே! நம்ம புது டெஸ்ட் மெஷினோட சிப்பு எழுதற வரிசைய மாத்திடுது, அதுல மட்டும்தான் இப்படி ஆவுது. லேப்ல இருக்கறது பழைய மாதிரி சிப்பு. அது வரிசைய மாத்தவே மாத்தாது. ஒரு ரிப்போர்ட்டுகூட மாறல!”

ஸ்பீக்கரில் இருந்த போனை ஜாரெட் அணைத்தான்.

பக்கத்தில் நின்ற மனைவி யூஜினியா, அதே லேபிலிருந்து ‘ரத்தப் புற்றுநோய்’ என்று வந்திருந்த ரிப்போர்ட்டை மெல்ல மடித்தாள்.

“அப்போ இது என்னோடதுதான், இல்லங்க?”