சொட்டுத் தண்ணி போகாத வாசல்

"ஒரு சொட்டுத் தண்ணிகூட அந்தப் பக்கம் போகக் கூடாதுங்க மேஸ்திரி," என்றார் சென்னியப்பன்.

அந்தப் பக்கம் என்றால் பள்ளத்தில் இருக்கும் தம்பி கருப்பணனின் தோட்டம். தன் வாசலில் விழும் மழை வழிந்தோடி, பேச்சு வார்த்தை அற்றுப்போன தம்பியின் சோளத்துக்குப் பாய்வது அவருக்கு வயிற்றெரிச்சல்.

காங்கேயத்திலிருந்து வந்த மேஸ்திரி யூசுப் வாசலைச் சுற்றிப் பார்த்தார். "தோண்டிப்போட்டு அடியில பெரிய கல்லு, அதும்மேல ஜல்லி, மணலு. மேல சந்து விட்டுக் கல்லுப் பதிச்சா, விழற மழையெல்லாம் அங்கயே எறங்கிப்போயிருமுங்க."

"அப்படியே செஞ்சுபோடுங்க!"

தொண்ணூற்றேழு ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. வாசல் தண்ணீர் முழுக்கக் கல் சந்துகளில் இறங்கி மாயமானது. வேலியோரம் குடையோடு நின்று பார்த்த சென்னியப்பன், அன்று இரண்டு கை சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

மழை விட்ட பிறகு ஒரு காலையில், தம்பி தோட்டத்தில் புது மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"ஏம்புள்ள, அங்க என்ன சத்தம்?"

"கொழுந்தனார் கெணத்துல ஊத்துத் தொறந்துக்கிச்சாமுங்க," என்றாள் மனைவி ராசாத்தாள். "நம்ம வாசலுக்கு நேரா கீழ்ப்பக்கந்தான் தண்ணி பீறிட்டு வருதாமா. ஏனுங்க, கல்லையெல்லாம் பேத்துப்போடச் சொல்லட்டுங்களா?"

"பேத்தா மேல ஓடி அங்கதான் போகும். உட்டா உள்ள எறங்கி அங்கதான் போகும்."

சென்னியப்பன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பாகம் பிரித்த அன்று, வறண்ட கிணறு தனக்கு வேண்டவே வேண்டாம் என்று மல்லுக்கட்டி, அதைத் தம்பி தலையில் கட்டியதே அவர்தான்.