உப்பு பாருடா

அன்று கடையில் இருந்தவர்கள்: அண்ணன் கலீல், அண்ணி சபீஹா, நான், பார்சலுக்கு நின்ற பதினைந்து பேர்.

தொண்டைப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்து, அதாவது கதிர்வீச்சு சிகிச்சை எடுத்து, தேறிய அண்ணன், முடிச்சூரில் பிரியாணிக் கடையை மறுபடி திறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"பாய் கை பட்டாலே தனி ருசி!"

வாங்க வருபவர்கள் இப்படிச் சொல்லக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். வெங்காயம் உரிப்பதும் அண்டா கழுவுவதும் நான். என் பெயர்கூட யாருக்கும் தெரியாது. போதாததற்கு, அரிசி போடும் முன் தினமும் எடுபிடியிடம் நீட்டுவதுபோல் கரண்டியை நீட்டுவார்.

"ஜமீரு, உப்பு பாருடா."

அன்று சப்பென்று இருந்தது. "கரெக்டா இருக்குண்ணா" என்றேன்.

மதியம் பொட்டலங்கள் திரும்பி வந்தன. "இன்னா பாய், உப்பே இல்ல?"

காசைத் திருப்பிக் கொடுத்து எல்லோரையும் அனுப்பிவிட்டு, அண்ணன் என்னைப் பார்த்தார். "கரெக்டுன்னியேடா?"

"ஏன், நீங்க வாயில வச்சுப் பாக்கறதுதானே? பேர் வாங்குறது மட்டும் நீங்களா?"

அண்ணிதான் பதில் சொன்னார். "கரண்ட் வச்சதுலேர்ந்து அவருக்கு ருசியே தெரியாது, ஜமீர். வெளிய தெரிஞ்சா யாரு வருவான்னு உங்கிட்டகூட சொல்லல. ஒரு மாசமா ஜனங்க புகழ்ந்தது உன் நாக்கைத்தான்."

அண்ணன் வாசலைக் காட்டினார். நான் வெளியே வந்ததும் கதவு மூடியது. உள்ளே பூட்டும் சத்தம் கேட்டது.