கரைக்குள் கேட்ட பேச்சு

அன்று ஏரிக்கரையில் கூடியவர்கள் மூன்று பேர்: நீர்ப் பக்கத்து நண்டு, வயல் பக்கத்து எலி, இரண்டு பக்கமும் போய்வரும் தவளை. மழை வலுத்துக்கொண்டிருந்தது. தவளையின் தலைப்பிரட்டைகள் எல்லாம் ஏரியில்தான் இருந்தன. கரை உடைந்தால் ஒன்றும் தேறாது.

“எலியண்ணே, உங்கள் வளை எதுவரைக்கும் போகிறது?” என்று தவளை கேட்டது.

“யார் அளந்தார்கள்? உள்ளே போய்த் தட்டுகிறேன். நண்டையும் அதன் வளைக்குள்ளிருந்து தட்டச் சொல்.”

தவளை கரைமேல் காதை வைத்தது. ஒரு தட்டு. உடனே இன்னொரு தட்டு.

“யாரய்யா அது, இவ்வளவு கிட்டத்தில்?” என்றது எலி.

“நான்தான். உம்முடைய மூச்சுகூடக் கேட்கிறது!” என்றது நண்டு.

நடுவே நான்கு விரல் மண்தான் இருந்தது. சேதி பரவியதும் பதறிப்போன எலிகளெல்லாம் தங்கள் பன்னிரண்டு வளைகளையும், நண்டுகள் தங்கள் ஒன்பதையும் அடைக்கத் தொடங்கின. பொழுது சாய்வதற்குள் பத்தொன்பது அடைபட்டன. அப்புறம் மண் தள்ளும் சத்தமே இல்லை. தவளை மறுபடியும் காதை வைத்தது.

“முதலில் நீர் அடையும், நண்டாரே.”

“ஏன், நீர் முதலில் அடைத்தால் வால் தேய்ந்துவிடுமோ?”

மழை விடவில்லை. அடைபடாமல் எதிரெதிரே மிஞ்சிய வளைகள் இரண்டு.