பதினெட்டு செகண்ட்

"ரெண்டுலயும் ஒரே ஆட்டத்தைப் போடு தம்பி" என்றார் ஃப்ராணே.

போட்டேன். ரெண்டும் அறுபத்தஞ்சு அங்குல டிவி. விலை ஒண்ணு, படம் ஒண்ணு, பெத்தவங்களுக்கே அடையாளம் தெரியாது. முக்கால் மணி நேரமா இந்த மனுஷன் இதுக்கும் அதுக்கும் நடந்துக்கிட்டே இருக்கார்.

எனக்கு இருப்பு கொள்ளல. உலகக் கோப்பையில இன்னைக்கு சாயங்காலம் எங்க குரோஷியா ஆடுது. அஞ்சு மணிக்குக் கடையை மூடணும். போதாக்குறைக்குத் தெக்கத்திக் காத்து வேற. அது அடிக்கிற நாள்ல எங்க ஸ்ப்ளிட் ஊர்ல யாருக்கும் பொறுமை இருக்காது. எனக்கு என்னைக்குமே கிடையாது.

"என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடிகூட இப்படி உத்துப் பார்க்கல" என்றார் அவர் மனைவி நேவென்கா. "நல்லா ஓடுற டிவியை ஓரங்கட்டிட்டு வந்து நிக்குது பாரு!"

"சும்மா இருடி." ஃப்ராணே கைபேசியில நேரம் அளக்கிற கடிகாரத்தைத் திறந்தார்.

இடது டிவியில கோல்கீப்பர் பந்தை உதைச்சார். ஃப்ராணே பொத்தானை அமுக்கினார். வலது டிவியில அதே கோல்கீப்பர் இன்னும் சாவகாசமா கையுறையைச் சரி பண்ணிக்கிட்டிருந்தார். பிறகுதான் உதைச்சார்.

"இருபத்தஞ்சு செகண்ட்!"

"டிவி மேல தப்பில்லைண்ணே. இடது பக்கம் இருக்கிறது மொட்டைமாடி ஆன்டெனாவுல இருந்து வாங்குது. வலது பக்கம் இருக்கிறதுல ஆன்டெனா சொருகவே இடமில்ல, இன்டர்நெட் மட்டும்தான். அது ஆடி அசைஞ்சுதான் வரும்."

"எப்பவும் இவ்வளவு லேட்டா?"

"ஏறக்குறைய. எதுக்குண்ணே இந்த அளவெல்லாம்?"

"பக்கத்து வீட்டுக்காரன் ஸ்டிப்பே" என்றார். பேரைச் சொன்னதுமே மூஞ்சி கோணிச்சு. "நடுவுல ஒரே சுவர். இவ பால்கனியில காயப்போட்ட துணி மேல மத்தி மீன் சுட்ட புகையை விட்டான். எட்டு வருஷமா பேச்சு கிடையாது. கோல் விழுந்தா யார் முதல்ல கத்துறதுங்கிற போட்டி மட்டும் இன்னும் இருக்கு."

அப்படி வாங்க! எங்க அடுக்குமாடி முழுக்க நடக்கிற சண்டைதானே இது. மேல் வீட்டுக்காரன் கூச்சல் போட்டா, நம்ம டிவியில பந்து அப்பத்தான் நடு மைதானத்துல உருண்டுக்கிட்டு இருக்கும். அந்த எரிச்சல் எனக்கும் தெரியும்.

"உங்க ரெண்டு பேருக்கும் எவ்வளவு வித்தியாசம்?"

"பதினெட்டு செகண்ட். ரெண்டு ஆட்டத்துல சுவத்துல காதை வச்சு அளந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மனுஷன்மேல இவ்வளவு காழ்ப்பா? ஆனாலும் வியாபாரம் வியாபாரம்தான்.

"அப்போ கண்ணை மூடிக்கிட்டு ஆன்டெனா டிவியை எடுங்க. அவர் வாயைத் திறக்கிறதுக்குள்ள நீங்க கத்தி, தண்ணி குடிச்சுட்டு வந்து உட்கார்ந்துடலாம்."

ஃப்ராணே என்னை ஒரு முறை முறைச்சார்.

"வலது பக்கத்து டிவியைக் கட்டு."

"அண்ணே, அது மெதுவா வர்றது..."

"எனக்கே கணக்கு சொல்லித் தர்றியா? கட்டுய்யா, நேரமாச்சு. ஆட்டத்துக்கு முன்னாடி மாட்டணும்."

வண்டியைக் கடை வாசலுக்குக் கொண்டுவரப் போயிட்டார். நான் பெட்டிக்கு நாடா ஒட்டினேன். மனசு கேட்கல. பொருளைத் தப்பா வித்துட்டு, நாளைக்கு அந்தாள் வந்து கத்துறதை யார் கேட்கிறது?

"அக்கா, உங்க வீட்டுக்காரர் மாத்திப் புரிஞ்சுக்கிட்டார். இதை மாட்டினா இன்னைக்குத் தோத்துடுவார்."

"நல்லாப் புரிஞ்சுக்கிட்டுதான் எடுத்தார்" என்றார் நேவென்கா. "எங்க பழைய டிவி ஆன்டெனாதான். இத்தனை வருஷமும் இவர்தான் முந்தி. இவர் 'கோல்'னு கத்தி பதினெட்டு செகண்ட் கழிச்சுதான் ஸ்டிப்பே வீட்டுல கோல் விழும். வேணும்னே சுவரைப் பார்த்துக் கத்துவார்."

"அப்புறம் ஏன்?"

"ஸ்டிப்பேயைப் போன வாரம் ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இனிமே செய்ய ஒண்ணுமில்லையாம். அடுத்த கோப்பைக்கெல்லாம் இருக்க மாட்டார் தம்பி. நாலு நாள் முன்னாடி நடந்த ஆட்டத்துல இவர் கத்தினதும் அந்தப் பக்கம் அவர் தன் பொண்ணுகிட்ட சொன்னது எங்களுக்குக் கேட்டுது. 'டிவியை அணைச்சிடும்மா, கோல்தான் விழுந்தாச்சே.' அன்னைக்கு இவர் சாப்பாட்டுல கை வைக்கல."

எனக்கு என்னமோ போல ஆயிடுச்சு. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"அதுக்குப் புது டிவி எதுக்குக்கா? வாயை மூடிக்கிட்டுப் பார்த்தா போதாதா?"

வாசல்ல ஃப்ராணே ஹாரனை விடாம அமுக்கினார். நேவென்கா பெட்டியோட ஒரு முனையைப் பிடிச்சார்.

"அதைத்தான் நானும் கேட்டேன். 'நான் சும்மா இருந்தா, பாவம் பார்க்கிறேன்னு அந்தப் பய கண்டுபிடிச்சிடுவான். என்னை ஜெயிச்சுட்டோம்னு நினைச்சுக்கிட்டே போகட்டும்'னார்."