குங்குமம் வைத்த படம்

"சார், இவரை விட்டுடாதீங்கோ. கையும் களவுமா பிடிச்சிருக்கேன்," என்றாள் கண்காட்சி மேஜையில் பணம் வாங்கும் பங்கஜம்.

பிடிபட்டவர் ஓடக்கூடிய உடம்புக்காரர் இல்லை. பெரிய தொந்தி, நெற்றி நிறைய விபூதி. மோதிர விரலின் நுனியில் மட்டும் குங்குமச் சிவப்பு.

தென்னகச் சித்திர மன்றத்தின் ஆண்டுக் கண்காட்சிக்கு அன்று கடைசி நாள். லஸ் முனைக்குப் பக்கத்துக் கூடத்தில் நடந்தது. கதவு திறந்ததுமே இவர் உள்ளே நுழைந்து, ஒரு படத்தின் பெயர்ச் சீட்டில் வட்டமாகக் குங்குமம் வைத்துவிட்டார்.

ஒரு படம் விற்றுவிட்டால் அதன் பெயர்ச் சீட்டில் சிவப்புப் பொட்டு ஒட்டுவார்கள். அப்புறம் அதை வேறு யாரும் விலை கேட்க மாட்டார்கள். ஒட்டும் உரிமை செயலாளர் சிதம்பரநாதன் ஒருவருக்குத்தான். மன்றத் தலைவரின் படம், துணைத் தலைவரின் படம், செயலாளரின் படம் எல்லாவற்றிலும் முதல் நாளே பொட்டு விழுந்துவிட்டது.

"யார் நீங்க?" என்றார் சிதம்பரநாதன்.

"அய்யாதுரை. பாண்டி பஜார்ல துணிக்கடை வச்சிருக்கேன்."

பங்கஜத்துக்குப் புரிந்துவிட்டது. "சார், இவர் மீனாட்சியோட மாமனார். அது மீனாட்சி வரைஞ்ச படம்."

கார்ப்பரேஷன் குழாயடியில் வரிசையாக நிற்கும் காலிக் குடங்கள். அதுதான் படம். எழுபத்தைந்தாம் வருஷத்துத் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

"நேத்து அந்தப் பொண்ணு என் மேஜை பக்கத்துல உட்காந்துண்டு அழுதது," என்றாள் பங்கஜம். "கண்காட்சி முடியறதுக்குள்ள படம் விக்கலேன்னா பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுட்டுக் கடையில கல்லாவைப் பாத்துக்கணும்னு இவர் கண்டிஷன் போட்டிருக்கார். இன்னிக்கு யாராவது வாங்கிடப் போறாளேன்னு பொட்டு வெச்சுட்டார். குங்குமம்னா சாயங்காலம் துடைச்சுடலாம் பாருங்கோ."

"ஏம்மா, எனக்கே தோணாத யோசனையால்லா இருக்கு," என்றார் அய்யாதுரை.

"கபாலி கோவில் குங்குமம் வேற. அம்பாள் கேக்க மாட்டாளா?"

சிதம்பரநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். நீளமாகப் பேசப் போகிறார் என்பதற்கு அது அடையாளம்.

"பெரியவரே, இந்தப் பொட்டு எங்க மன்றத்தோட மானம். நிஜமாகவே ஒருத்தர் வந்து, பணம் கொடுத்து, படத்தைத் தனதாக்கிக்கிட்டாத்தான் இதை ஒட்டுவோம். வாங்காத படத்துக்குப் பொட்டு வெச்சா அது கலைக்குச் செய்யற துரோகம். உங்க கடையில விக்காத துணியை வித்துதுன்னு சொல்வீங்களா?"

"சொல்ல மாட்டேன்யா." அய்யாதுரை சுவர் நெடுகப் பார்த்தார். செயலாளரின் படத்தின் முன்னால் கொஞ்சம் நின்றார். முழுக்கச் சாம்பல் நிறம். பெயர், 'எல்லையின்மை - நான்கு'. "இத யாரு வாங்குனா?"

"வாங்கினவங்க பேரை வெளியே சொல்ற வழக்கமில்லை."

"அது நல்ல வழக்கமாத் தெரியுது. எனக்கும் அதான் வேணும்."

"எதுக்கு?"

"எங்க கடையில கல்யாணப் பொண்ணுக்குக் கூறைப்புடவை எடுத்தா, எடுத்த புடவை முந்தியில குங்குமம் வெச்சுத் தனியா எடுத்து வச்சிருவோம். அப்புறம் அது அவுக சொத்து. ஒருத்தரும் தொடமாட்டாக. இங்கேயும் சிவப்பாப் பொட்டு வெச்சிருந்துச்சா, அந்த மாதிரிதான்னு நினைச்சேன். பணம் குடுக்கலாம்னு பார்த்தா மேஜையில இந்தம்மா இல்ல."

"காப்பி குடிக்கப் போயிருந்தேன்," என்றாள் பங்கஜம். அவள் குரல் இறங்கியிருந்தது. "அப்ப படத்தை நீங்களா வாங்கறேள்?"

"ஆமா. அந்தக் கண்டிஷன சும்மா வாயை விட்டுட்டேன்மா, சாப்பிடும்போது, எல்லாரும் இருக்கையில. எங்கது ஒரே விலைக் கடை. சொன்ன சொல்ல மாத்துனா நாளைக்கு எடுபிடி ஆள்கூட எங்கிட்டப் பேரம் பேசுவான்."

"அவ வரையறது உங்களுக்குப் பிடிக்கலேன்னாளே?"

"குடமா வரைஞ்சு வச்சிருக்கா. ஒண்ணுலயாவது தண்ணி இருக்கா? ஆனா வீட்டு வேலையெல்லாம் முடிச்சிட்டு மொட்டை மாடியில போயி வரையும்போது மட்டும் அந்தப் பிள்ள பாடும். சுதி சேராது. பாடும். அது நின்னுபோயிரக் கூடாதுல்லா."

பங்கஜம் ரசீதுப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள்.

"சாயங்காலம் குடும்பத்தோட வருவேன்," என்றார் அய்யாதுரை. "பொட்டப் பாத்துட்டு, எந்தக் கூறுகெட்ட பய இத வாங்குனான்னு சத்தம் போடுவேன். நீங்க ரெண்டு பேரும் கண்டுக்கிடாதீங்க. படம் இங்கேயே எங்கேயாவது தொங்கட்டும்."

மடியிலிருந்து பணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். சிதம்பரநாதன் குங்குமத்தைத் துடைத்துவிட்டு, முறைப்படி ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டினார்.

"பணத்தைப் பெட்டியில வைம்மா."

"சாவி உங்ககிட்டதானே சார்?"

சிதம்பரநாதன் ஜிப்பாப் பையைத் தடவினார். மேஜை இழுப்பறையைத் திறந்தார். பூச்சாடிக்குப் பின்னால் பார்த்தார். குத்துவிளக்கைத் தூக்கி அதன் அடியிலும் பார்த்தார்.

அய்யாதுரைக்கு ஆச்சரியமாக இருந்தது. "சுவர் பூராப் பொட்டா இருக்கு. இவ்வளவு வியாபாரம் நடக்கிற எடத்துல சாவி கையிலயே இருக்க வேண்டாமாய்யா?"

சிதம்பரநாதன் மேஜைக்கு அடியில் குனிந்து தேடப் போனார். போனவர் நிமிரவே இல்லை.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்கோ மாமா," என்றாள் பங்கஜம் மெதுவாக. "நீங்கதான் முதல் போணி."