கெமிஸ்ட்ரிதான் வேணும்

அம்மா ப்ளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைத்திருந்த குளியலறையில், உதவி செய்கிறேன் பேர்வழி என்று அப்பா போய் ஆசிட்டை ஊற்றிவிட்டார். கிளம்பிய நெடியில் மூன்று பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள்.

இருமி முடித்ததும் மகள் சொன்னாள். "அப்பா, பதினொண்ணாவதுல நான் கெமிஸ்ட்ரி எடுக்கப்போறேன்."

"இப்பவா சொல்றே? பேசாம அக்கவுண்ட்ஸ் எடும்மா. மூக்காவது தப்பிக்கும்."

"கெமிஸ்ட்ரிதான் வேணும்."

"டாக்டராகணுமா?"

"ஐயோ, ரத்தத்தைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வரும்."

"ஃப்ரெண்ட்ஸ் எடுக்கறாங்களா?"

"ஒருத்திகூட இல்ல."

"அந்த வாத்தியாரோட லட்சணம் தெரிஞ்சுமாடி?" என்றாள் அம்மா.

"கிளாஸ்ல அவர் தங்கமாம்மா. பத்து தடவை கேட்டாலும் சிரிச்சுக்கிட்டே சொல்லித் தருவாராம்."

அப்பா அவசரமாக வானத்தைப் பார்த்தார்.

எதிர்வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தார். "என்ன கெமிஸ்ட்ரி சார், ஸ்கூல்ல பண்ற சோதனையெல்லாம் பத்தலையா, வீட்லயும் ஆரம்பிச்சுட்டீங்க?"

ப்ளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் கலக்கவே கூடாது என்று வருஷா வருஷம் வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிற சாருக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"என் மானம் போறதை நீ கிளாஸ்லயும் உக்காந்து பார்க்கணுமா? மழுப்பாம சொல்லு, எதுக்கு என்கிட்ட படிக்க வர்றே?"

மகள் அவருடைய மடங்கிக் கிடந்த சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"வீட்ல எதைக் கேட்டாலும் பேப்பர் திருத்திக்கிட்டே 'அப்புறம்மா'ங்கறீங்க. அங்க வந்தா, தினமும் ஒரு பீரியடாவது நீங்க எனக்குக் கிடைப்பீங்கப்பா."